படம் திருத்தும்போது மவுஸ் சக்கரம் சொன்னபடி கேட்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசம் முடிந்த வாரத்திலும் தீபாவளிக்கு அடுத்த வாரத்திலும் எனக்கு வரும் குறுஞ்செய்திகளில் பாதி படங்களைப் பற்றியவை அல்ல, மவுஸ் சக்கரத்தைப் பற்றியவை. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலில் எடுத்த காவடிப் படங்களையும் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரப் படங்களையும் கணினியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள், உருட்டினால் ஒன்று நினைக்க ஒன்று நடக்கிறது என்று புலம்புகிறார்கள். திரும்பத் திரும்பப் பதில் எழுதிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். விசைகளின் பெயர்கள் விண்டோஸ் கணினிக்கானவை. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதிலாக ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

படத் திருத்த மென்பொருளை அப்படியே விட்டுவிட்டு, உலாவியில் நீளமான ஒரு பக்கத்தைத் திறந்து சக்கரத்தை மெதுவாக உருட்டுங்கள். பக்கம் ஒழுங்காக நகர்ந்தால் மவுஸ் நலமாக இருக்கிறது. கோளாறு மென்பொருளின் அமைப்பிலோ, மவுஸோடு வந்த துணைச் செயலியிலோ இருக்கிறது. பக்கம் துள்ளினால், நின்று நின்று போனால், எதிர்த்திசையில் ஓடினால், மென்பொருளைக் குடைவது வீண் வேலை. பக்கம் நகராமல் எழுத்து பெரிதாகிச் சிறிதாகிறதென்றால் உங்கள் விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை சிக்கிக்கொண்டிருக்கிறது. அதை நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஃபோட்டோஷாப்பை நீக்கி மறுபடி நிறுவியவர்கள் நிறையப் பேர்.

ஃபோட்டோஷாப்பில் உருட்டினால் படம் பெரிதாக வேண்டும் என்று நினைக்கிறேன். மேலும் கீழும்தான் நகர்கிறது. ஏன்?

அதுதான் அதன் இயல்பு. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. சக்கரம் வைத்த மவுஸைப் பரவலாக்கிய மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் வந்ததோ 1996இல். சக்கரம் என்ற ஒன்றே கையில் இல்லாத காலத்தில் வடிவமைக்கப்பட்ட மென்பொருள் அது. பின்னால் வந்து சேர்ந்த சக்கரத்துக்கு, மற்ற ஜன்னல்களில் செய்கிற அதே வேலையைக் கொடுத்தார்கள்: மேலும் கீழும் நகர்த்துவது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு உருட்டினால் படம் பக்கவாட்டில் நகரும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும்.

ஆல்ட்டை அழுத்த அலுப்பாக இருந்தால் எடிட் பட்டியலில் பிரிஃபரன்சஸ், அதில் டூல்ஸ் பக்கம் போய் ‘ஸூம் வித் ஸ்க்ரோல் வீல்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். அதன் பிறகு வெறுமனே உருட்டினாலே ஸூம் ஆகும். நான் இதைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். முகத்தில் இருக்கும் ஒரு பருவைச் சரிசெய்ய உள்ளே போய், உடனே வெளியே வந்து முழு முகத்தையும் பார்ப்பதுதான் ரீடச் வேலையில் பெரும்பகுதி; படத்தை மேலும் கீழும் நகர்த்துவதற்கு ஸ்பேஸ் பட்டையை அழுத்தி இழுத்தால் போதும். நீளமான போஸ்டர் வடிவமைப்பவர்களுக்கு இது நேர்மாறாக இருக்கலாம்.

என் படம் எந்தப் பக்கமும் நகரவே மாட்டேன் என்கிறது.

முழுப் படமும் திரைக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கியிருந்தால் நகர இடமில்லை, அவ்வளவுதான். அதே டூல்ஸ் பக்கத்தில் ‘ஓவர்ஸ்க்ரோல்’ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் படத்தின் விளிம்பைத் திரையின் நடுவுக்குக்கூடக் கொண்டுவரலாம். மூலைகளில் வேலை செய்பவர்களுக்கு நல்லது.

லேயர் தானாகவே நிறம் மாறுகிறது! நான் ஒன்றும் செய்யவில்லை. திருமண ஆல்பம் ஒன்றைப் பாதி முடித்த பிறகுதான் கவனித்தேன். வைரஸாக இருக்குமோ?

வைரஸ் இல்லை, சக்கரம்தான். வந்த கேள்விகளிலேயே அதிக நேரத்தை விழுங்கியது இது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படத்தின் மேல் அடுக்கடுக்காக வைக்கும் தாள்கள் போன்றவை லேயர்கள். லேயர் பலகையின் மேற்புறம் பிளெண்ட் மோடை, அதாவது ஒரு லேயர் கீழே உள்ளதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பட்டி ஒன்று இருக்கிறது. நீங்கள் அதில் ‘மல்டிப்ளை’ என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். பட்டி மூடிக்கொள்கிறது. வேலை முடிந்தது என்று நினைத்துப் படத்துக்கு வருகிறீர்கள். ஆனால் விண்டோஸ் கணினியில் மென்பொருளின் கவனம் இன்னும் அந்தப் பட்டியிலேயே நின்றுகொண்டிருக்கலாம். இப்போது படத்தைப் பெரிதாக்கலாம் என்று சக்கரத்தை உருட்டினால், அந்த உருட்டல் பட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மல்டிப்ளை போய்க் கலர் பர்ன் வருகிறது, இன்னொரு கட்டம் உருண்டால் லீனியர் பர்ன். மணப்பெண்ணின் பட்டுப்புடவை கருத்துப் போகிறது. படத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. எழுத்துருப் பட்டியிலும் இதே தொல்லை உண்டு: அழைப்பிதழில் பெயரைத் தட்டெழுதிவிட்டு உருட்டினால் எழுத்துரு மாறி நிற்கும். ஒபாசிட்டி (ஒளிபுகாமை) போன்ற எண் பெட்டிக்குள் கர்சர் இருந்தால் அந்த எண் ஏறும், இறங்கும்.

நடந்ததா இல்லையா என்று உறுதி செய்ய, செய்த மாற்றங்களை வரிசையாகக் காட்டும் ஹிஸ்டரி பலகையைத் திறந்து பாருங்கள். ‘பிளெண்டிங் சேஞ்ச்’ என்று நீங்கள் செய்யாத வரிகள் அடுக்கடுக்காக நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். அவற்றுக்கு முந்தைய நிலையைச் சொடுக்கினால் படம் பழையபடி ஆகிவிடும்.

தடுக்கும் வழி எளிது. பட்டியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடனே என்டர் அல்லது எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள், பட்டி பிடியை விடும். இந்தப் பழக்கம் விரலில் ஏறச் சில நாள் ஆகும். ஏறிவிட்டால் இந்தத் தொல்லை மறந்தே போகும்.

விண்டோஸ் அமைப்புகளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 10 முதல், முன்னால் இல்லாத ஜன்னலின் மேல் சுட்டி நின்றாலும் அதை உருட்டும் வசதி உண்டு. மவுஸ் அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கவும் நிறுத்தவும் முடியும். இரண்டு திரை வைத்து, ஒன்றில் வாடிக்கையாளரின் மின்னஞ்சலையும் மற்றொன்றில் படத்தையும் திறந்திருப்பவர்கள் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளுக்கு மாறினேன். ஃபோட்டோஷாப்பில் பழகிய கை இங்கே தடுமாறுகிறது.

கிம்ப்பில் வெறும் சக்கரம் மேலும் கீழும் நகர்த்தும். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் பக்கவாட்டு. கன்ட்ரோலோடு சேர்த்தால் ஸூம். அதாவது ஃபோட்டோஷாப்பில் பக்கவாட்டில் நகர்த்தும் கன்ட்ரோல், இங்கே படத்தைப் பெரிதாக்குகிறது. சக்கரத்தையே பொத்தானாக அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் கையோடு வரும்.

கிரிட்டாவில் வெறும் சக்கரமே ஸூம் செய்யும். அங்கே ‘கான்வாஸ் இன்புட் செட்டிங்ஸ்’ பக்கத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பெயிண்ட் டாட் நெட்டில் ஸூமுக்குக் கன்ட்ரோல். இவற்றை எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதிகம் புழங்கும் ஒரு மென்பொருளை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள்.

சக்கரத்தாலேயே பிரஷ் அளவை மாற்ற முடியுமா?

லைட்ரூம் கிளாசிக்கில் அது கூடவே வருகிறது. திருத்தும் பிரஷ் கையில் இருக்கும்போது உருட்டினால் அதன் அளவு மாறும், ஷிஃப்ட்டோடு உருட்டினால் விளிம்பின் மென்மை மாறும்.

கிம்ப்பில் நாமே அமைத்துக்கொள்ளலாம். எடிட், பிரிஃபரன்சஸ், இன்புட் டிவைசஸ், இன்புட் கன்ட்ரோலர்ஸ் என்று போனால் ‘மெயின் மவுஸ் வீல்’ இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கினால், எந்த விசையோடு எந்தப் பக்கம் உருட்டினால் என்ன நடக்க வேண்டும் என்ற பட்டியல் திறக்கும். அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, பிரஷ் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும் செயலை இணைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஸூமுக்குப் போன கன்ட்ரோலைத் தொடாமல் வேறு சேர்க்கையைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆல்ட்டை பல டெஸ்க்டாப்கள் ஜன்னல் நகர்த்தத் தமக்கென்று வைத்துக்கொள்வதுண்டு, கிம்ப் வரைக்கும் அது வந்து சேராது.

ஃபோட்டோஷாப்பில் சக்கரத்துக்கு இந்த வேலையைத் தருவதைவிட, ஆல்ட்டை அழுத்தி வலது பொத்தானால் இழுப்பதே மேல். இடம் வலமாக இழுத்தால் அளவு, மேல் கீழாக இழுத்தால் விளிம்பின் கடினம். மேக்கில் கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்து இழுக்க வேண்டும். பிரஷ் வட்டம் கண்ணெதிரே விரிந்து சுருங்குவதால் கணக்குப் போட வேண்டியதில்லை.

சதுர அடைப்புக்குறி விசைகளால் பிரஷ் அளவை மாற்றுவேன். சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. சக்கரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நீங்கள் தமிழ்99 விசைப்பலகை வைத்திருப்பவர் என்றால், ஆம், சுற்றிவளைத்து ஒரு தொடர்பு உண்டு. தமிழ்99இல் அந்த இரு விசைகளின் இடத்தில் இருப்பவை ச, ஞ. தமிழ் உள்ளீடு இயங்கிக்கொண்டிருந்தால் பிரஷ்ஷுக்கான கட்டளை மென்பொருளுக்குப் போகாமல் நின்றுவிடலாம். மற்ற ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகளும் அப்படியே.

நான் தமிழுக்கு மாற்றவே இல்லையே என்பீர்கள். விண்டோஸில் மொழியை மாற்றும் விசைகளில் ஒன்று, இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தது. ஆல்ட்டோடு சக்கரத்தை உருட்டிக்கொண்டே ஷிஃப்ட்டின் மேல் விரல் பட்டுவிட்டால் சத்தமில்லாமல் மொழி மாறிவிடும். பணிப்பட்டையின் வலது ஓரத்தில் என்ன மொழி என்று பாருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்குத் திரும்பலாம். திரும்பத் திரும்ப நடந்தால், அந்த ஆல்ட்–ஷிஃப்ட் சேர்க்கையை விசைப்பலகை அமைப்புகளில் நீக்கிவிடுங்கள்; மொழி மாற்ற ஸ்பேஸ் வழி ஒன்றே போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் தட்டெழுதும் நம்மைப் போன்றவர்களுக்கே உரிய தொல்லை இது, ஆங்கிலத்தில் உள்ள உதவிப் பக்கங்களில் இதைத் தேடினால் எளிதில் கிடைக்காது.

டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருளில் வலப்பக்கப் பலகையைக் கீழே நகர்த்தப் போனால் எக்ஸ்போஷர் மாறிவிடுகிறது.

அங்கே சக்கரத்துக்குச் சுட்டியின் கீழே என்ன இருக்கிறதோ அதுதான் குறி. ஸ்லைடரின் மேல் நின்று உருட்டினால் ஸ்லைடர் நகரும். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால் பலகை நகரும். இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கும் கட்டம் பிரிஃபரன்சஸில் இருக்கிறது. அதைக் குறியிட்டால் வெறும் சக்கரம் பலகையை நகர்த்தும், ஸ்லைடருக்குத்தான் இரண்டு விசை தேவைப்படும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே அதைக் குறியிடுவது நல்லது.

திருத்தம் எந்தப் பகுதிக்கு மட்டும் என்று காட்ட வரைந்த மாஸ்க்கின் மேல் நிற்கும்போது சக்கரம் மாஸ்க்கின் அளவையும், ஷிஃப்ட்டோடு விளிம்பையும், கன்ட்ரோலோடு அடர்த்தியையும் மாற்றும். ஸூம் செய்ய வேண்டுமானால் சுட்டியை மாஸ்க்குக்கு வெளியே கொண்டுபோய் உருட்டுங்கள்.

மேலே உருட்டினால் நடுவில் திடீரென்று கீழே துள்ளுகிறது. 100, 110, மறுபடி 100 என்று ஸூம் எண் ஆடுகிறது.

உலாவியிலும் அப்படியே என்றால் இது வன்பொருள் கோளாறு. சக்கரத்தின் அச்சில் என்கோடர் என்ற சிறு பாகம் இருக்கிறது. சக்கரம் திரும்பும்போது அது ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரண்டு சமிக்ஞைகளை அனுப்புகிறது. எது முந்தி வந்தது என்பதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் உருட்டினீர்கள் என்று மவுஸ் முடிவு செய்கிறது. பல மவுஸ்களில் இந்த என்கோடர் உலோகத் தொடுமுனைகளால் ஆனது. அவை தேய்ந்தாலோ அழுக்குப் படிந்தாலோ சமிக்ஞை நடுங்கும், வரிசை குழம்பும், திசை தவறும்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று ஈரம் போக்கும் டிரை கேபினட் அலமாரி வாங்கி வைக்கிறோம். மவுஸோ ஜன்னலோரம் திறந்து கிடக்கிறது, அதன் இடுக்கில் தூசியும் கைவியர்வையும் முறுக்குத் தூளும். முதலில் மவுஸை அணைத்து, தலைகீழாகப் பிடித்து, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே காற்றுக் குப்பியால் இடுக்கில் ஊதுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகும். ஆகவில்லை என்றால், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதென்றால் மட்டும், மேல் மூடியைக் கழற்றி என்கோடரின் ஓரத்தில் மின்தொடுமுனை துப்புரவுத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு முன்னும் பின்னும் சுழற்றுங்கள். பசை எண்ணெய் எதுவும் வேண்டாம். நன்கு உலர்ந்த பிறகே மறுபடி இயக்குங்கள். இதனால் சில மாதம் ஆயுள் கூடலாம், தேய்ந்த உலோகம் திரும்ப வளராது.

துள்ளவில்லை, ஆனால் விக்கி விக்கி நகர்கிறது. ஹார்ட் டிஸ்க்கை இணைத்தால்தான் இப்படி.

நல்ல கவனிப்பு. கம்பியில்லா மவுஸ்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 சாதனங்களும் அவற்றின் கேபிள்களும் அதே அலைவரிசைப் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறது. படம் எடுப்பவர்களின் மடிக்கணினியில் ஒரு துளையில் ஹார்ட் டிஸ்க், ஒட்டியே அடுத்த துளையில் மவுஸின் ரிசீவர்: இதுதான் நிலவரம். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது குட்டி நீட்டிப்புக் கேபிளில் செருகி மவுஸின் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் அந்தக் கேபிளைத் தேடி அலைய வேண்டியதில்லை, எந்தத் தளத்திலும் ஏதாவது ஒரு கடையில் தொங்கும்.

ஃபோட்டோஷாப்பில் மட்டும் சக்கரம் வேறு மாதிரி நடக்கிறது. அமைப்புகளில் எதையும் தொடவில்லை.

லாஜிடெக் போன்ற நிறுவனங்களின் மவுஸோடு வரும் செயலிகள், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி ஏற்பாடு வைத்துக்கொள்ள விடுகின்றன. அதில் ஃபோட்டோஷாப்புக்கு என்று ஏற்கெனவே ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீர எளிய வழி, அந்தச் செயலியைச் சற்று நேரம் மூடிவிட்டு உருட்டிப் பார்ப்பது. சக்கரம் தடையின்றிச் சுழலும் வகையாக இருந்தால், ஸூம் செய்யும்போது கட்டம் கட்டமாக நிற்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே தள்ளலில் கண்மணியின் உள்ளே போய் நிற்பீர்கள்.

மேக்கில் திசை தலைகீழாக இருக்கிறது. போதாக்குறைக்குச் சில நேரம் படம் மட்டுமல்ல, முழுத் திரையுமே பெரிதாகிறது.

திசைக்குக் காரணம் ‘நேச்சுரல் ஸ்க்ரோலிங்’. ஆப்பிள் 2011இல் லயன் பதிப்பில் கொண்டுவந்தது. மவுஸ் அமைப்பில் நிறுத்தினால் டிராக்பேடிலும் நின்றுவிடும், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை.

முழுத் திரை பெரிதாவது, பார்வை உதவி வசதி. அக்சஸிபிலிட்டி பகுதியில் ஸூம் பக்கத்தில், விசையோடு உருட்டினால் திரையைப் பெரிதாக்கும் கட்டம் இருக்கிறது. வழக்கமாகக் கன்ட்ரோல் விசைக்கு அமைந்திருக்கும். விண்டோஸ் கைப்பழக்கத்தில் கன்ட்ரோலை அழுத்தி உருட்டுபவர்கள் இதில் மாட்டுவார்கள். விண்டோஸிலும் மேக்னிஃபையர் இயங்கிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், சக்கரம் மூன்றும் சேர்ந்து இதே வேலையைச் செய்யும்.

வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் சக்கரம் துள்ளுகிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார்.

விடாதீர்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கும், வழக்கமான தேய்மானத்துக்கும் இது பொருந்தாது. ஆகவே ஆறு மாதத்துக்குள் மூடியைக் கழற்றாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், துள்ளலைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக் கொண்டுபோங்கள்; கடையில் சோதிக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் அது ஒழுங்காக உருளும் என்பது எழுதப்படாத விதி. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் மலிவாக வாங்கியது என்றால் உரிமையைக் கேட்டு வாங்குவது கடினம்.

மாற்று மவுஸ் வரும்வரை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களைக் கொடுத்தாக வேண்டும்.

சக்கரம் இல்லாமலே முடிக்கலாம். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலும் பூஜ்யமும் முழுப் படத்தையும் திரைக்குள் அடக்கும், கன்ட்ரோலும் ஒன்றும் நூறு சதவீதத்தில் காட்டும், கன்ட்ரோலோடு கூட்டல் கழித்தல் விசைகள் படிப்படியாக ஏற்றி இறக்கும். நகர்த்த ஸ்பேஸ் பட்டை. இந்த நான்கையும் இடக்கையில் வைத்துக்கொண்டு, துள்ளும் சக்கரத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள், விரல் பழக்கத்தில் அங்கே போய்ப் பிளெண்ட் மோடை மாற்றிவிடாமல் இருக்கும்.